தூணுக்குப் பின்னால் ஒரு கை

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் தூணக்கா. தூண் மாதிரி இருப்பாளோ என்று நினைத்துவிட வேண்டாம், ஆள் ஒட்டடைக்கம்பு. நல்ல உயரம், நல்ல கருப்பு, வலது கையில் கறுப்பு வார் போட்ட வாட்ச். கண்ணாடி எதிலும் இடிபடாமல் இருக்க வாட்சின் முகத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பாள். தூத்துக்குடி கடற்கரை ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் அவளும் நானும் டைப்பிஸ்டுகள். புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். லாரி போகிற சத்தத்தில் எங்கள் டைப்ரைட்டர் சத்தம் எங்களுக்கே கேட்காது.

பெயர் வந்தது சினிமாவால். நாங்கள் சனிக்கிழமை தோறும் போகிற தியேட்டரில் பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். கூரையைத் தாங்க ஒரு தூண் வேண்டியிருந்தது. கட்டினவர் நன்றாக யோசித்து, ஆண்களுக்கு மறைக்காதபடி அதைப் பெண்கள் பக்கத்தில் நட்டிருந்தார். அந்தத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் திரையின் நடுப்பகுதி போய்விடும், இரண்டு ஓரமும்தான் தெரியும். முதல் தடவை வேறு இடம் கிடைக்காமல் அங்கே உட்கார்ந்தவள், அதன் பிறகு பெஞ்சு முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் நேரே தூணுக்குப் பின்னால்தான் போவாள்.

“எதுக்குக்கா இப்படி? கதாநாயகன் தெரிய மாட்டானே” என்று கேட்டேன்.

“நடுவுல நிக்கவனைத்தான் ஊர்ச் சுவரு பூரா ஒட்டி வச்சிருக்கானே. அவனைத் துட்டு குடுத்து வேற பாக்கணுமாக்கும்?”

ஓரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்ப்பேன். விசிறிக்காரன், தண்ணீர்ச் செம்போடு ஒரு கிழவி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற கணக்குப்பிள்ளை. அவள் அவர்களைத்தான் பார்ப்பாள். அதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை, தூணுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டி எனக்கும் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் திரையில் புருஷன் பெண்டாட்டியை அறைந்து வெளியே தள்ளுகிறான். தியேட்டரே மூக்கைச் சிந்துகிறது. இவள் என் காதில், “கவனிச்சியா? அவன் பேசும்போது கேமராக்காரன் தரையில படுத்துக்கிடுதான். இவ அழும்போது பரண்ல ஏறிக்கிடுதான். ஒருநாளாவது சமமா உக்காந்து எடுத்தானா பாரு” என்றாள்.

அவ்வளவுதான், எனக்கும் பரண் தெரிய ஆரம்பித்துவிட்டது. அழுகை வருவேனா என்கிறது. பின்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் கடலைத் தொலியை எங்கள் தலையில் எறிந்து, “ஏளா, படம் பாக்க வந்தியளா, போலீஸ் வேல பாக்க வந்தியளா?” என்று அதட்டினாள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். ஒரு காட்டுப் படத்துக்குப் போனோம். வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு முன்னால் போகிறான், பின்னால் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு கறுத்த ஆட்கள் வரிசையாகப் போகிறார்கள். புலி வந்தது, பாம்பு வந்தது, வெள்ளைக்காரி மயங்கி விழுந்தாள். நான் ஒரே பயத்தில் இருந்தேன். வெளியே வந்ததும் தூணக்கா நேரே சோடாக் கடைக்குப் போய்க் கலர் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

“அப்படி என்னக்கா தாகம்?”

“எனக்கில்லளா. அந்தத் தொரை அஞ்சாறு தடவை தண்ணி குடிச்சான். அந்தம்மா மொகத்துல வேற தெளிச்சாவ. பொட்டி தூக்குனவன் ஒருத்தன்கூட கடைசி வரைக்கும் ஒரு மடக்குக் குடிக்கல. இப்ப குடுப்பான், இப்ப குடுப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்குத் தொண்டை காஞ்சு போச்சு.”

சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அது அவளிடம் இருந்த ஒரு கெட்ட குணம். வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள், நமக்குத்தான் ராத்திரி சோறு இறங்காது.

இந்தக் கண்ணை அவள் தியேட்டரிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. எங்கள் ஆபீஸ் சுவரில் பழைய குரூப் போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருக்கும். நடுவில் கை வைத்த பெரிய நாற்காலியில் வெள்ளைக்கார ஏஜெண்டு, பின்னால் நம் குமாஸ்தாக்கள் நின்றபடி, பியூன்கள் தரையில். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் வெள்ளைக்காரர் போய் நம் மேனேஜர் வந்துவிடுவார். நாற்காலி அதேதான். “வெள்ளைக்காரன் போயிட்டான், சேரைத் தூக்கிட்டுப் போக மறந்துட்டான்” என்பாள். எங்கள் காலத்துப் போட்டோவில் முன்வரிசையின் அந்தக் கோடியில் அவளும் இந்தக் கோடியில் நானும் உட்கார்ந்திருப்போம். எங்களுக்குப் பெரிய மரியாதை கொடுத்துவிட்டார்கள் என்று நான் வீட்டில் பீற்றிக்கொண்டிருந்தேன். “மரியாதையும் இல்ல மண்ணும் இல்ல, கரைக்கு ஒண்ணா ரெண்டு பூச்சட்டி” என்று அதையும் கெடுத்தாள்.

மேனேஜர் நல்ல மனுஷர், வாயாடிகளை அவருக்குப் பிடிக்கும். ஒரு தடவை கிளப்பில், வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த முத்துக்குளிப்புப் படம் ஒன்று காட்டினார்கள். ஆபீஸ் ஆட்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். ஊமைப் படம், ஆடி ஆடி ஓடியது. நம் கடல், நம் வள்ளம், நம் ஆட்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார்கள், சிப்பிக் கூடையோடு மேலே வருகிறார்கள். தொப்பி போட்ட துரை ஒரு முத்தை விரலில் பிடித்து வெயிலில் காட்டுகிறார். திரை முழுக்க முத்து. எல்லாரும் கை தட்டினோம்.

மேனேஜர் திரும்பி, “என்னம்மா, எப்படி?” என்று கேட்டார். இவளிடம் போய்க் கேட்கலாமா?

“நல்லா இருக்கு சார். முத்துக்கு மொகத்தைக் காட்டுனான், முங்குனவனுக்கு முதுகைத்தான் காட்டுனான்.”

“அது டாகுமெண்டரிம்மா. அப்படித்தான் எடுப்பாங்க.”

“வள்ளத்துல தொரை பக்கத்துல உக்காந்து எடுத்தா அப்படித்தான் சார் தெரியும். தண்ணிக்குள்ள இருந்து எடுத்திருந்தான்னா வள்ளத்தோட அடிப்பலகையும் தொரை பூட்ஸும்லா தெரிஞ்சிருக்கும்.”

மேனேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார். “அடுத்த முத்துக்குளிப்பு வரட்டும். உன்னையே கேமராவோட முக்கிருதேன்” என்றார். ஆபீசே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அவள் அம்மா மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தாள். அப்பா இல்லாத வீடு. வயது ஏறிக்கொண்டே இருந்தது, நிறம் இறங்குவதாக இல்லை. வந்த வரன்களெல்லாம் வாசலோடு போய்விட்டன. ஒரு வீட்டார் பலகாரத்தை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, “பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மி” என்று சொல்லியனுப்பினார்கள். கடைசியில் அவளுடைய தாய்மாமா ஆறுமுகநேரியிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் இரும்புக் கடை வைத்திருக்கிறான், தகப்பனார் இல்லை, நல்ல குடும்பம். “இதுவும் தட்டிப் போச்சுன்னா என்னால ஆகாது. எனக்கும் மூணு பொட்டப்பிள்ளைய இருக்கு” என்று சொல்லிவிட்டார். அம்மா திருச்செந்தூருக்கு மொட்டை நேர்ந்துகொண்டாள்.

எனக்கென்னவோ இவள் கல்யாணத்தையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாள் என்று ஓர் எண்ணம் இருந்தது. ஆபீஸ் விட்டு நடக்கும்போது கேட்டே விட்டேன். நின்றுவிட்டாள்.

“எனக்கும் வீடு வேணும், ஆளு வேணும், பிள்ள வேணும், எல்லாம் வேணும்ளா. நான் என்ன மரமா? ஆனா என்னைப் பாத்து வேணும்னு சொல்லணும். அம்புட்டுத்தான்.”

கண் கலங்கியிருந்தது. அவள் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பெண்ணுக்குப் பேர் கெட்டுப்போகும் என்று, முதலில் கோயிலிலோ தியேட்டரிலோ எட்ட இருந்து பார்த்துக்கொள்வார்கள். பிடித்தால்தான் வீட்டுக்கு வருவது. சனிக்கிழமை மேட்னி என்று ஏற்பாடு. இடைவேளையில் விளக்குப் போடும்போது பார்த்துக்கொள்ளலாம். “தூணை ஒட்டித்தான் எம் மருமக உக்காந்திருப்பா” என்று மாமா அடையாளம் சொல்லிவிட்டார். அம்மா இவளிடம், இன்றைக்கு ஒருநாளாவது முன்பெஞ்சில் வெளிச்சமாக உட்கார் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். இவளா கேட்பாள்? “என்னைப் பாக்க வாரவிய என் எடத்துல வந்து பாக்கட்டும்” என்று தூணுக்குப் பின்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் வழக்கம்போல் பக்கத்தில், தூணுக்கு வெளியே.

மாப்பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்களோடு, அவன் அம்மா பெண்கள் பக்கத்தில் முன்பெஞ்சில் இருந்தாள். இடைவேளை மணி அடித்தது, விளக்கு எரிந்தது, அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். இவளுக்குத் திரையை மறைத்த தூண் அந்த அம்மாளுக்கு இவளை மறைத்துவிட்டது. தூணை ஒட்டி அவள் கண்ணில் பட்டது நான். அன்றைக்கு நான் மஞ்சள் சேலை. என் நிறம் சிவப்பு, அதற்கு நான் பொறுப்பல்ல. அந்த அம்மாள் என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். யாரோ தெரிந்தவர் போல என்று நானும் பதிலுக்குச் சிரித்து வைத்தேன்.

மறுநாளே மாமா ஓடி வந்தார். “பிடிச்சுப் போச்சு! பொண்ணு நல்ல செவப்பாம், மஞ்சச் சேலையில அம்சமா இருந்துச்சாம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாராவ.”

தூணக்கா அன்று கட்டியிருந்தது ஊதாச் சேலை. “அம்மா, அவிய பாத்தது என்னையில்ல, இவளை” என்றாள்.

“தியேட்டர்ல மஞ்ச லைட்டுல்லா போட்டிருந்தான். அதுல ஊதா மஞ்சளாத் தெரிஞ்சிருக்கும்” என்றாள் அம்மா.

“நானும் செவப்பாத் தெரிஞ்சிருப்பனோ?”

“தெரிஞ்சிருக்கும். வாய மூடு.”

மாமாவும் தலையாட்டினார். வேண்டும் என்று நினைத்துவிட்டால் மனுஷர்களுக்கு எந்த லைட்டிலும் எந்த நிறமும் தெரியும். அக்கா பெருமூச்சு விட்டு, “வரட்டும், வந்து பாக்கட்டும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. என்னை வரக் கூடாது என்று சொல்லியிருக்கலாம், ஆனால் பஜ்ஜி போட ஆள் வேண்டுமே. அடுப்படியை விட்டு வெளியே தலை காட்டினால் கொன்றுவிடுவேன் என்று அம்மா கரண்டியைக் காட்டி எச்சரித்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அந்த இடுக்கில் எனக்குக் கூடத்தின் ஓரம் மட்டும்தான் தெரிந்தது. மாப்பிள்ளையின் கால்கள், அவன் அம்மாவின் பாதி முகம். அந்த அம்மாள் தூணக்காவைவிட ஒரு பிடி கூடுதல் கருப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமாகவும் இருந்தது.

அக்கா காப்பித் தட்டோடு போனாள். பவுடர் பூசவில்லை. வாட்சைக்கூடக் கழற்றவில்லை. அந்த அம்மாள் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, இவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

“காப்பி நல்லா இருக்கு. சரி, பொண்ண வரச் சொல்லுங்க.”

இங்கே என் கையில் பஜ்ஜி மாவு சொட்டிக்கொண்டிருந்தது. முழங்கையால் கதவை இன்னும் கொஞ்சம் விலக்கினேன், அக்கா தெரிந்தாள். எனக்கு அந்த அம்மாளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அக்காவின் குரல் கேட்டது.

“நான்தான் பொண்ணு. தட்டைத் தூக்கிட்டு நிக்க கறுத்தவ வேலைக்காரின்னு சினிமாக்காரன் பழக்கிட்டான். நீங்க என்ன செய்விய, பாவம்.”

தொலைந்தது என்று நினைத்தேன். மாமா தொண்டையைக் கனைத்தார். அப்போதுதான் யாரோ பொட்டென்று சிரித்துக் காப்பி புரையேறி இருமுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை. இருமி முடித்துவிட்டு, “அம்மா, இவியதான்” என்றான்.

“எவியலே? நான் பாத்தது மஞ்சச் சேலை!”

“நான் பாத்தது இவியளை.”

“தூணு மறைச்சுது, ஒண்ணும் தெரியலைன்னுதான பஸ்ஸுல வரும்போது சொன்ன?”

“ஆளு தெரியல. கை தெரிஞ்சுது. இந்தா, இதே வாட்சு. படம் ஓடும்போது தூணுக்கு வெளிய நீண்டு, எதையோ காட்டிக்கிட்டே இருந்துச்சு.”

“கையப் பாத்துக் கல்யாணம் கட்டுதேங்கியாலே? கூறுகெட்டவனே!”

தூணக்கா தட்டை இறக்கவில்லை. நேரே அவனைப் பார்த்துக் கேட்டாள். பெண் பார்க்கிற இடத்தில் பெண் கேள்வி கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

“கையப் பாத்திய, சரி. கை எதைக் காட்டுச்சுன்னு பாத்தியளா?”

“பாத்தேன். ஜமீன் வீட்டுல தட்டைத் தூக்கிட்டு ஓரமா ஒரு கறுத்த பொண்ணு நின்னுச்சு. பொறவு கல்யாண வீட்டுலயும் அதே பொண்ணு, தட்டோட. பொறவு ஆஸ்பத்திரியில நர்சு வேசம் போட்டுக்கிட்டு அங்கனயும் தட்டு.” அவனுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. “அது தட்ட எப்பத்தான் கீழ வைக்கும்னு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தேன். வைக்கவே இல்ல.”

அக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவனுக்கு எதிரே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அடுப்படியில் பஜ்ஜி கருகிப் போனது. யாரும் என்னைத் திட்டவில்லை.

அந்த அம்மாளுக்கு மனம் ஆற ஒரு மாதம் பிடித்தது. கல்யாணத்தன்றும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏமாந்த கதையை யாரிடமாவது சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டாள்.

தாலி கட்டின மறுநாள் மாப்பிள்ளையும் அக்காவும் மாமியாரும் போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். எந்தத் துரை பங்களா ஏலத்தில் எடுத்ததோ, எங்கள் ஆபீஸ் போட்டோவில் இருப்பது போலவே ஒரு கை வைத்த பெரிய நாற்காலி அங்கே கிடந்தது. ஸ்டூடியோக்காரர் அக்கா முகத்தில் பவுடரை அப்ப வந்தார், அவள் தட்டிவிட்டாள். “சரி, மாப்பிள்ளை உக்காரட்டும். பொண்ணு பக்கத்துல நின்னு சேர்ல கை வைக்கட்டும்” என்றார். ஊரில் எல்லாக் கல்யாணப் போட்டோவும் அப்படித்தான். அக்கா அந்த நாற்காலியையே பார்த்தாள். போச்சு, இங்கேயும் ஆரம்பிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

“அத்த, நீங்க உக்காருங்க.”

“நானா? நான் எதுக்குளா? நான் இங்கன ஓரமா நின்னுக்கிடுதேன்.”

“நீங்க போட்டா எடுத்திருக்கியளா அத்த?”

“ஒரே ஒருக்க. இவனுக்கு ஒரு வயசு இருக்கும்போது. எங்க வீட்டு அவிய சேர்ல உக்காந்திருந்தாவ. இவன் ஒரு எடத்துல நிக்க மாட்டானேன்னு பக்கத்து ஸ்டூல்ல நிறுத்தி, நான் ஓரமா நின்னு பிடிச்சிருந்தேன்.” அந்த அம்மாள் சிரித்தாள். “படம் கழுவி வந்தப்ப அவிய இருந்தாவ, பிள்ள இருந்துச்சு. என்னைக் காணும். பிள்ளையப் பிடிச்ச கை மட்டும் விழுந்திருந்துச்சு.”

அக்கா மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“கடையில மாட்டியிருக்கு. கல்லாவுக்கு நேர் எதுக்க. சின்ன வயசுல இருந்து அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அக்கா மாமியாரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் துரை நாற்காலியில் உட்கார வைத்தாள். அவளுக்குக் கால் தரையில் எட்டவில்லை. அக்காவும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் மறுபடி வெளியே எடுத்தார்.

“பெரியம்மா, கை தொங்குது பாருங்க. எடுத்து மடியில வைங்க.”

“கை எங்கன வேணும்னாலும் கிடக்கட்டும் அண்ணாச்சி” என்றாள் தூணக்கா. “மொகம் விழுதான்னு பாருங்க.”